ஒரு வெற்றிலை நேரம்

"சாமி, நான் செத்தா அவனும் செத்துப்போவான். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

செங்கமலம் ஆறு வருசமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மலை ஏறி வருகிறவள். வந்து கும்பிடுவாள். ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போவாள். இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. வந்ததும் கேட்டுவிட்டாள்.

சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"எவன்?" என்றார்.

"பொடியன்."

"ஓ," என்று மறுபடி ஊதினார்.

சாமி என்றதும் காவியும் தாடியும் கமண்டலமும் என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். லுங்கிதான் கட்டியிருப்பார். செங்கமலத்தைவிட இருபது வயது இளையவர். ஒரு காலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் இந்த மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினார். திரும்ப ஏறவில்லை. வந்து கேட்டவர்களுக்குச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் லாரிச்சாமி.

பொடியன் என்றதும் சின்னப் பையன் என்றும் நினைக்க வேண்டாம். பொடியன் ஒரு கொரில்லா.

சர்க்கஸுக்கு வந்த புதிதில் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தான். தாய் வருகிற வழியிலேயே செத்துப்போயிருந்தது. அப்போது செங்கமலத்துக்கு முப்பத்தோரு வயது. கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சல் பார் ஆடிக்கொண்டிருந்தாள். அழுகிற குட்டியை யாரோ அவள் மடியில் போட்டார்கள். அது அவள் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் பாரை விட்டுவிட்டாள்.

பொடியன் என்று பெயர் வைத்தாள். அவன் வளர்ந்தான். பெயர் வளரவில்லை.

இப்போது அவன் எழுந்து நின்றால் ஆள் அண்ணாந்து பார்க்க வேண்டும். போன வருசம் அவனைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர், எடை என்று இருந்த இடத்தில் 'அதிகம்' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

சர்க்கஸ் கலைந்த பிறகு, மலையடிவாரத்து எஸ்டேட்காரர் ஒருவர் பழைய யானைக் கொட்டடியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். கருங்கல் சுவர், இரும்பு கேட், பின்னால் வேலி போட்ட தோப்பு. அங்கேதான் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"எதுக்கு இப்பச் சாகப்போற?" என்று கேட்டார் சாமி.

"நெஞ்சுல வால்வு பழுதாப் போச்சாம். திங்கக்கிழமை வந்து படு, பதினஞ்சு நாள் இருக்கணும்ங்கிறாரு டாக்டரு. போனா பொழைக்கலாம், போகாட்டி இந்தத் தையி தாண்டாதுங்கிறாரு."

"போக வேண்டியதுதானே?"

"எப்படிப் போக? நான் கடிச்சுக் கொடுக்காம அவன் ஒரு பருக்கை திங்க மாட்டானே."

சாமி ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

செங்கமலம் சொன்னாள்.

பதினாலு வருசம் முன்னால், ஏதோ ஒரு ஊரில் கூடாரம் போட்டிருந்தபோது, பொடியனுக்கு வைத்திருந்த வெல்லச் சோற்று உருண்டையில் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. உருண்டையில் ஓரமாக ஒரு கடி கடிப்பது அவள் வழக்கம். வெல்லத்தின் மேல் அவளுக்கு ஆசை. கடித்தாள். அவனுக்கு நீட்டுவதற்குள் சுருண்டு விழுந்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்த அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள். இனி எது வந்தாலும் முதல் கடி அவளுடையது. கடித்ததும் உடனே கொடுக்க மாட்டாள். ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் இரண்டு தரம் துடைப்பாள். வாயில் போட்டு மெல்லுவாள். பொடியன் கை நீட்டினால், உள்ளங்கையைக் காட்டி, "பொறு" என்பாள். மென்று முடித்து இடப்பக்கம் துப்புவாள். அப்போதும் தலை சுற்றவில்லை, வயிறு பிசையவில்லை என்றால்தான் அவன் கைக்குப் போகும்.

வாழைப்பழமோ வெள்ளரிக்காயோ முருங்கைக் கீரையோ, எல்லாவற்றுக்கும் ஒரு வெற்றிலை நேரம்.

"போன மாசம் மூணு நாள் என்னை ஆஸ்பத்திரியில பிடிச்சு வச்சுக்கிட்டாங்க சாமி. எஸ்டேட் ஆளுங்க பழத்தைத் தாராத் தாரா உள்ள போட்டிருக்காங்க. ஒண்ணைத் தொடல. மூணாம் நாளு கேட்டைப் பேத்துட்டு என்னைத் தேடிக் கெளம்பிட்டான். ஊரே துப்பாக்கியோட வந்து நின்னுச்சு. நல்லவேளை, அந்நேரம் பார்த்து நான் பஸ்ஸை விட்டு எறங்கினேன். குறுக்க போயி நின்னேன். என்னைச் சுட்டுட்டு அவனைச் சுடுங்கடான்னேன்."

"சுட்டாங்களா?"

"சுட்டிருந்தா இங்க வந்து ஒங்ககிட்ட ஏன் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்?"

சாமி சிரித்தார். வட்டிலில் கஞ்சி ஊற்றி நீட்டினார். மலை ஏறி வந்த களைப்பு. அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு சாமி."

"நான் அதுல எதையாவது கலந்திருந்தா?"

"நீங்களா? போங்க சாமி."

"மோந்துகூடப் பாக்கல?"

"எதுக்குப் பாக்கணும்?"

சாமி எழுந்தார். வட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

செங்கமலம் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். பாதி மலையில் சாமி கேட்டது சுருக்கென்று தைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தாள். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது. நெஞ்சு வலியையும் பார்க்காமல் மறுபடி ஏறினாள்.

"அப்ப நான் அவனைக் காப்பாத்துனது தப்பா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நான் உப்பு சரியா இருக்கான்னுதானே கேட்டேன்."

அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"நாளைக்கு நான் வாரேன்," என்றார் சாமி.

*

புதன்கிழமை காலையில் சாமி வந்தார். தோளில் ஒரு வாழைத்தார், கையில் தண்ணீர் கொண்டுவந்த சுரைக்குடுக்கை.

பொடியன் திருப்பிப் பொருத்திய கேட்டுக்கு அந்தப்புறம் இருட்டில் உட்கார்ந்திருந்தான். புது ஆளின் வாடை பட்டதும் எழுந்தான்.

சாமி அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆத்தா."

"என்ன சாமி?"

"முழங்கால் ரெண்டும் ஆடுது."

"உக்காந்துக்கங்க. உக்காந்தா அவனும் உக்காருவான்."

சாமி உட்கார்ந்தார். பொடியன் உட்காரவில்லை. கேட்டின் இடுக்கில் கையை விட்டுச் சுரைக்குடுக்கையை எடுத்தான். முகர்ந்தான். ஒரு அழுத்து. குடுக்கை தூள் தூளாகப் போயிற்று.

"பன்னெண்டு வருசமா வச்சிருந்த குடுக்கை," என்றார் சாமி.

ஒரு பழத்தை உரித்து நீட்டினார். பொடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமி அந்தப் பழத்தில் ஒரு கடி கடித்தார். செங்கமலத்திடம் ஒரு வெற்றிலை கேட்டு வாங்கினார். பழக்கமில்லாத வாய். மென்று, புரையேறி, சட்டையெல்லாம் எச்சிலாக்கிக்கொண்டு ஒருவழியாகத் துப்பினார். மறுபடி நீட்டினார்.

இந்தத் தடவை பொடியன் வாங்கினான்.

செங்கமலம் மூச்சைப் பிடித்தாள்.

அவன் பழத்தை வாயில் போடவில்லை. கேட்டோரமாக நடந்து வந்து, செங்கமலத்தின் உதட்டருகே கொண்டுபோய் வைத்தான். நீ கடி என்று அர்த்தம்.

"பாத்தீங்களா சாமி? இதைத்தான் சொன்னேன்," என்றாள்.

சாமி பழத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"சிரிக்கிற."

"இல்ல சாமி."

"சிரிச்ச ஆத்தா."

செங்கமலம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தது உண்மைதான். தன்னைத் தவிர யார் கையிலும் அவன் சாப்பிட மாட்டான் என்று தெரிந்ததும், உள்ளே ஓர் ஓரத்தில் இனித்தது. அது இனித்தது என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருசம் அவனுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்ததில், தனக்கென்றும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுன்னாலும் செய்யிறேன்."

"நாளையிலேருந்து கடிச்சுக் கொடுக்காத."

"அவன் பட்டினி கெடப்பானே."

"நீயும் சாப்பிடாத."

"நானுமா?"

"பழம் எல்லாத்தையும் உள்ள, அவன் பக்கத்துல வையி. நீ வெளிய, அவன் கண்ணுல படுற மாதிரி உக்காரு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது."

"தண்ணி?"

"குடி."

"மாத்திரை?"

"போடு. மாத்திரை என்ன விருந்தா?"

"நீங்க?"

"நானும் சாப்பிடல. எனக்குப் பழக்கந்தான். வண்டி ஓட்டுன காலத்துல ரெண்டு நாள் பட்டினியா ஓட்டியிருக்கேன்."

செங்கமலம் இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறுபத்திரண்டு வயதும் பழுதான நெஞ்சும் கொண்டவள் என்று அப்போது பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பார் ஆடப் போகிறவள் கயிற்றேணியில் கால் வைக்கிறபோது இருக்கிற முகம் அது.

"சரி சாமி," என்றாள்.

*

வியாழக்கிழமை.

கேட்டுக்கு உள்ளே ஓரமாக, பொடியனுக்குப் பக்கத்தில் பழங்கள் குவிந்து கிடந்தன. வாழை, வெள்ளரி, கொய்யாக்கிளை, முருங்கைக் கொத்து. கேட்டுக்கு வெளியே செங்கமலம். இரண்டு முழம் தள்ளிச் சுவரோரம் சாமி.

பொடியன் ஒரு பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் இன்னொன்றை எடுத்து நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள். அவன் பல்லைக் காட்டினான். மார்பில் அடித்துக்கொண்டான். கொட்டடிக் கூரை அதிர்ந்து தூசி கொட்டியது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை.

அவன் கத்தவில்லை. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது செங்கமலத்துக்கு. சின்ன வயதில் கோபித்துக்கொண்டாலும் இப்படித்தான் முதுகைக் காட்டுவான். அப்போது அந்த முதுகு அவள் உள்ளங்கை அகலம்.

பொழுது சாயும் நேரத்தில் அவளால் முடியவில்லை. கேட்டின் இடுக்கில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்தாள். உரித்தாள். வாயருகே கொண்டுபோனாள்.

சாமி தடுக்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ஆத்தா, திங்கக்கிழமை பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

செங்கமலத்தின் கை நின்றது.

பிறகு உரித்த பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"ஆறேகாலுக்கு சாமி," என்றாள்.

சனிக்கிழமை.

உச்சி வெயில். செங்கமலம் தண்ணீர்ச் செம்பை எடுக்க எழுந்தாள். கண் இருட்டியது. செம்பு உருண்டு ஓடியது. அவள் கேட்டில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

செம்பின் சத்தத்துக்குப் பொடியன் திரும்பினான்.

கேட்டுக்கு வந்தான். தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தான். விரலை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான். வாயைத் தொட்டான். உதடு வறண்டு வெடித்திருந்தது.

அவன் குவியல் பக்கம் திரும்பினான். ஒரு பழத்தை எடுத்தான். முகர்ந்தான்.

கடித்தான்.

செங்கமலத்துக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. "சாமி! தின்னுட்டான்! தின்னுட்டான் சாமி!"

"சத்தம் போடாத," என்றார் சாமி.

பொடியன் ஒரு கடிதான் கடித்தான். மிச்சப் பழத்தை இடது கையில் பிடித்துக்கொண்டான். மூன்று நாள் பசி. கடைவாயில் எச்சில் ஒழுகியது. அவன் பழத்தைப் பார்க்கவே இல்லை. கொய்யாக்கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினான். தொடையில் இரண்டு தரம் துடைத்தான். வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான்.

செங்கமலத்துக்குப் புரியவில்லை. அவளை அறியாமல் அவள் கை அந்தப் பழத்துக்கு நீண்டது.

பொடியன் உள்ளங்கையைக் காட்டினான்.

பொறு.

அவள் பொறுத்தாள். வெயில் சுட்டது. ஓர் ஈ வந்து பழத்தில் உட்கார்ந்தது, அதை ஊதி விரட்டினான். மென்றான். நிதானமாக மென்றான். இடப்பக்கம் துப்பினான். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான்.

பிறகுதான் பழத்தை அவள் உதட்டருகே கொண்டுவந்தான்.

செங்கமலம் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவளுக்கு ஊட்ட ஆள் இருந்ததே இல்லை. பத்து வயதில் சர்க்கஸுக்கு வந்தவள்.

விழுங்கிவிட்டாளா என்று அவள் வாயைத் திறந்து பார்த்தான் பொடியன். திருப்திப்பட்டான்.

இன்னொரு பழத்தை எடுத்தான். கடித்தான். இலையைத் துடைத்தான், மென்றான், துப்பினான். சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரோரம் சாமி கன்னம் ஒட்டிப்போய்ச் சாய்ந்து கிடந்தார்.

கேட்டின் இடுக்கு வழியாக அந்தப் பெரிய கை நீண்டு சாமியின் மூக்கருகே வந்து நின்றது.

சாமி பழத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். குடுக்கையைத் தூளாக்கிய அதே கை. அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாமச் சாப்பிடுங்க சாமி," என்றாள் செங்கமலம். "அவன் பாத்துட்டான்."

சாமி வாயைத் திறந்தார்.

மூன்றாவது பழத்தை அவன் யாருக்கும் நீட்டவில்லை. முழுசாக உள்ளே போட்டுக்கொண்டான். நாலாவதையும் ஐந்தாவதையும் அப்படியே. வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்து இரண்டையும் ஒரே நேரத்தில் மென்றான். முருங்கைக் கொத்தில் காம்புகூட மிஞ்சவில்லை.

*

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் செங்கமலம் துணிப்பையோடு நின்றாள். பக்கத்தில் சாமி. கொட்டடியைப் பதினைந்து நாளும் அவர்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார்.

"காலையில கீரை, வாழைத்தண்டு. மத்தியானம் பழம். வெள்ளரிக்காயில கசப்பு இருந்தா வீசி எறிவான், குனிஞ்சுக்கங்க. சாயந்தரம் சர்க்கரைவள்ளி. வேகவச்சு ஆறவைக்கணும்."

"சரி."

"பேசிக்கிட்டே இருங்க. அவனுக்குப் பேச்சு வேணும்."

"சரி."

"ஒருவேளை நான் திரும்பி வரலேன்னா..."

"பஸ்ஸு வருது."

அவள் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அவள் முகம் மாறியது. தலையை வெளியே நீட்டினாள்.

"சாமி! முக்கியமானதைக் கேக்கவே இல்லையே! அவன் மறுபடி அடம்பிடிச்சா என்ன செய்வீங்க? எப்படி ஊட்டுவீங்க?"

"ஊட்ட மாட்டேன்."

பஸ் நகர்ந்தது. செங்கமலம் எழுந்தேவிட்டாள். "ஊட்ட மாட்டீங்களா? அப்புறம் எப்படி சாமி?"

சாமி பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்தார்.

"பசியோட போயி அவன் முன்னால உக்காருவேன்."